குளிர்நீர்ப் பாறைத்திட்டில் எடுக்கும் படங்களில் வெண்புள்ளிகள்: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். கெல்ப் பாசி அடர்ந்த குளிர்நீர்ப் பாறைத்திட்டுகளில் ஸ்கூபா மூழ்கிப் படமெடுத்து வருகிறேன். நீர் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ். ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. 60 மி.மீ. மேக்ரோ லென்ஸும் இரண்டு ஃபிளாஷ்களும் பயன்படுத்துகிறேன். பாறையிடுக்கில் ஒதுங்கியிருக்கும் மீனைப் படமெடுத்தால் படம் முழுவதும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. ஃபிளாஷின் ஆற்றலைக் குறைத்தால் புள்ளிகளோடு மீனும் மங்கிவிடுகிறது. அணைத்துவிட்டால் எல்லாம் பச்சை படிந்து போகிறது. போதாக்குறைக்கு, நீரில் இறங்கிய சிறிது நேரத்திலேயே லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறது. வழி சொல்வீர்களா?

பதில் 1:
அந்தப் புள்ளிகள் மிதவை உயிரிகளும் வண்டல் துகள்களுமே. லென்ஸுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள நீரில் ஃபிளாஷ் ஒளி விழும்போது, ஒவ்வொரு துகளும் அதை நேராகக் கேமராவுக்கே திருப்பியனுப்புகிறது. மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால் சாலை மறைவதும் இதனால்தான். ஆற்றலைக் குறைத்தால் துகளின் ஒளியும் மீனின் ஒளியும் ஒரே விகிதத்தில் குறையுமே தவிர, ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. மாற்ற வேண்டியது ஒளி வரும் திசையை. ஃபிளாஷ்களை இரு பக்கமும் அகல விரித்து, முன்கண்ணாடியின் தளத்துக்குச் சற்றுப் பின்னே இழுத்து, முகங்களைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் உள்விளிம்பு மட்டும் மீனைத் தொட்டால் போதும். இடையிலுள்ள நீர் இருளிலேயே இருக்கும்.

அதைவிட முக்கியமானது நெருங்குவது. அரை மீட்டரிலிருந்து எடுத்தால் ஒளி போய்த் திரும்ப ஒரு மீட்டர் நீரைக் கடக்கிறது, 20 செ.மீ.க்கு நெருங்கினால் அது 40 செ.மீ. ஆகிவிடும். சிவப்பு நிறத்தை நீர்தான் முதலில் விழுங்குகிறது என்பதால், நெருங்க நெருங்க நிறமும் மீளும். லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் வேகம் 1/160 நொடி, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்கிப் பாருங்கள். துடுப்பால் அடித்தளத்தைக் கிளறிவிட்டால் இவை எதுவும் உதவாது என்பதால், மூழ்காமலும் மேலெழாமலும் மிதக்கும் மிதவைச் சமநிலையை முதலில் சீராக்கிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
ஆவி படிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியை ஈரக்காற்றோடு மூடியிருப்பீர்கள். கேமரா இயங்கும் சூட்டில் உட்காற்று வெதுவெதுப்பாக இருக்க, குளிர்நீர் பட்ட கண்ணாடியில் அந்த ஈரம் படிகிறது. குளிரூட்டப்பட்ட, வறண்ட அறையில் பெட்டியை மூடுங்கள். நன்கு உலர்த்திய சிலிகா ஜெல் பொட்டலத்தை உள்ளே வையுங்கள், ஆனால் அதன் விளிம்பு பெட்டிக்குள் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் ஓ-வளையத்தின் மேல் சிக்கிவிடக் கூடாது. மூடிய பெட்டியை வெயிலில் வைக்கவே வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: மெல்லிய படலமாக இருந்தால் அது ஆவி; பெட்டியின் அடியில் நீர் உருண்டு ஓடினால் கசிவு. அப்போது படமெடுப்பதை நிறுத்திவிட்டு, மேலேறும் வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தைத் தவிர்க்காமல் நிதானமாக மேலேறுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: பாறையில் ஊரும் நூடிபிராங்க் என்னும் ஓடற்ற கடல் நத்தைகளை எடுக்கும்போது, அலையின் ஆட்டத்தில் என் உடலே முன்னும் பின்னும் போவதால் குவியம் தவறுகிறது. எதன்மீது குவிப்பது?

பதில் 1:
தலையிலுள்ள இரு உணர்கொம்புகளின் மீது குவியுங்கள். மோப்பம் பிடிப்பது அவற்றால்தான். அவை கூர்மையாக இருந்தால் முதுகின் பின்புறச் செவுள்கொத்து சற்று மங்கினாலும் படம் நிற்கும். குவியத்தைப் பூட்டிவிட்டு ஆட்டத்தோடு மிதந்து செல்லுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் நீர் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள். நத்தையின் தலை மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்தால், பின்னணியில் பாறைக்குப் பதில் திறந்த நீர் கிடைக்கும். தொட்டால் பல வகைகள் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். நல்ல பின்னணிக்காக அதை வேறிடத்தில் எடுத்துவைக்கவும் வேண்டாம். பல இனங்கள் குறிப்பிட்ட கடற்பஞ்சுகளையே உண்பவை, அது அமர்ந்திருக்கும் இடமே அதன் உணவாக இருக்கலாம். பக்கத்தில் சுருள்நாடா வடிவில் முட்டைத்தொகுதி தென்பட்டால், அதன் மீது கையோ துடுப்போ படாதவாறு விலகி நின்று எடுங்கள்.