டிஎன்எஸ் ரிசொல்யூஷன்: ‘பெயர் தீர்வு’ பொருந்துமா?

அன்புடையீர்,

இணையத்தளப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் ரிசொல்யூஷனுக்குத் தமிழ்ச் சொல்லாக முன்மொழியப்பட்டுள்ள ‘பெயர் தீர்வு’ எனக்கு உடன்பாடில்லை. ‘பெயர் தீர்க்கப்படவில்லை’ என்று திரையில் காண்பவர், பெயரில் என்ன குற்றம் என்றுதான் விழிப்பார். உலாவியில் தட்டிய ஆள்களப் பெயருக்குரிய (டொமைன்) ஐபி முகவரியை, அதாவது எண் முகவரியைக், கேட்டறிவதே அங்கு நடக்கிறது. ஆகவே ‘முகவரி காணல்’ போதும். அதைச் செய்து தரும் வழங்கியை (சர்வரை) ‘முகவரி காணி’ என்றால் நிலபுலம் நினைவுக்கு வரும். நாள்காட்டி, வழிகாட்டி வரிசையில் ‘முகவரி காட்டி’ என்பது இயல்பாக அமையும்.

இதைவிட முதன்மையானவை பிழைச் செய்திகள். முகவரி காட்டி (இனிச் சுருக்கமாகக் ‘காட்டி’) அப்படியொரு பெயரே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் என்எக்ஸ்டொமைன் நிலையை ‘இல்லாப் பெயர்’ என்றும், காட்டி வாய்திறவாமலோ கைவிரித்தோ விடும் நிலையை ‘விடையின்மை’ என்றும் பிரித்தே எழுத வேண்டும். வீட்டுக் கணினியில் 8.8.8.8 என்ற கூகுள் வழங்கியின் எண்ணுக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) அனுப்பினால் மறுமொழி வருகிறது, ஆனால் எந்தத் தளமும் பெயரால் திறக்கவில்லை என்றால், இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்த காட்டிதான் விடை தரவில்லை, அதை மாற்றிப் பார்க்கலாம். இல்லாப் பெயருக்கோ எழுத்துப்பிழையையும் பெயரின் பதிவையும்தான் முதலில் பார்க்க வேண்டும். காட்டியிடம் முகவரி கேட்டுப் பார்க்க உதவும் என்எஸ்லுக்கப் கட்டளை, கணினியிலேயே பெயர்களையும் முகவரிகளையும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது என்பதையும், சில உலாவிகள் தமக்கெனத் தனிக் காட்டியை வைத்திருக்கும் என்பதையும் உதவிக்குறிப்பில் சேர்ப்பது நல்லது. ஓர் உலாவியில் திறக்கும் தளம் இன்னொன்றில் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்படுகிறது. புதிய துணைப் பெயருக்கு (சப்டொமைனுக்கு) முகவரியைப் பதிவதற்கு முன்பே ஆவலில் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால், ‘இல்லை’ என்ற விடையே கணினியின் நினைவிலும் காட்டியின் நினைவிலும் தங்கிவிடும். பதிந்த பிறகும் அந்த வீட்டில் திறக்காது, கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் திறக்கும். 1998இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 2308 வரையறுக்கும் இந்த நடைமுறையை ‘இன்மை நினைவு’ எனலாம். விண்டோஸில் ஃப்ளஷ் டிஎன்எஸ் கட்டளை கணினியின் நினைவை மட்டுமே துடைக்கும். இணையச் சேவையாளரின் காட்டியில் தங்கியது, அதற்குரிய நேரம் கழியும்வரை பொதுவாக அங்கேயே இருக்கும்.

அந்த நேரத்துக்கு, அதாவது டிடிஎல்லுக்கு, ‘ஆயுள்’ என்பதைவிடச் ‘செல்லுபடி நேரம்’ தெளிவாக இருக்கிறது. மாற்றுக் கருத்துள்ளோர், சொல்லை முழு பிழைச் செய்தியில் வைத்து எழுதிக் காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.