மார்ச் மேட்னஸ் வந்தாச்சு: பிள்ளைகளை விளையாட அனுப்பும் முன் ஈசிஜி எடுக்க வேண்டாமா?

ஹீல்ஸ் அம்மா:
வட கரோலினாவின் ராலே பக்கம், கல்லூரி பாஸ்கெட்பால் டோர்னமென்டான மார்ச் மேட்னஸ் நடக்கும் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாழன் மதியம் ஆபீஸ் மீட்டிங்கில் பாதிப் பேரின் கேமரா அணைந்திருக்கும், எல்லாரும் மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான். 68 அணிகள், ஒரு தோல்வி, மூட்டையைக் கட்டு. இதைவிட நல்ல விளையாட்டுத் திருவிழா எனக்குத் தெரிந்து இல்லை.

என் பையன் பத்தாவது படிக்கிறான். கல்லூரி சீசன் முடிந்த கையோடு அவனுடைய கிளப் சீசன் ஆரம்பம். அதற்கான உடல் தகுதிப் படிவத்தோடு கிளினிக் போனோம். உயரம், எடை, பிரஷர் பார்த்தார்கள், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் இரண்டு இடத்தில் வைத்தார்கள், கையெழுத்து ஆகிவிட்டது. ஈசிஜி கேட்டேன். அறிகுறி எதுவும் இல்லையே, எதற்கு என்றார்கள்.

ஹேங்க் கேதர்ஸ் கதை பழைய ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும். லயோலா மேரிமவுண்ட் வீரர், 1988-89 சீசனில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகளும் அதிக ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தவர். 1990 மார்ச் 4 அன்று கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் குழு) டோர்னமென்ட் ஆட்டத்தில் பந்தைக் கூடைக்குள் அறைந்து ஒரு டங்க் அடித்தார், கொஞ்ச நேரத்தில் மைதானத்திலேயே விழுந்தார், அன்றே இறந்தார். வயது 23. இதயத் தசை தடித்துப்போகும் நோய். 2023இல் என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானி ஜேம்ஸ் பயிற்சியில் விழுந்தாரே, அவருக்கும் பிறவி இதயக் குறைபாடு.

இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஈசிஜி கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் சுமார் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வந்தது. நம் கிளப்பிலும் கட்டாயமாக்கச் சொல்லிப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் என்ன?

நீலப்பேய்:
அம்மா தாயே, இப்போதுதான் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கும் பிராக்கெட் போட்டு முடித்தேன், அதற்குள் இறந்தவர்கள் பட்டியலா!

ஆய்வு ஒன்றின்படி, கல்லூரி விளையாட்டு மொத்தத்தையும் எடுத்துப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 54,000 பேரில் ஒருவர்தான் இப்படி இறக்கிறார். உங்கள் பையன் கிளப் டோர்னமென்டுக்கு ஐ-40 நெடுஞ்சாலையில் காரில் போவது இதைவிட ஆபத்து. அதற்கு என்ன டெஸ்ட் எடுக்கப் போகிறீர்கள்? நம் ஊர்ப் பெற்றோர் ஏற்கெனவே விளையாட்டு என்றால் ஆயிரம் சாக்கு சொல்கிறவர்கள். நீங்கள் இன்னொன்றை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

ஹீல்ஸ் அம்மா:
அதே ஆய்வில் அடுத்த வரியையும் படியுங்கள். முதல் டிவிஷன் ஆண்கள் பாஸ்கெட்பாலில் மட்டும் அது 5,200 பேரில் ஒருவர். டியூக் (அதுதான் 'நீலப்பேய்' அணி) ரசிகர்களுக்குத் தமக்குச் சாதகமான ஸ்கோர்தான் கண்ணில் படும் போல.

நைட் ஷிஃப்ட்:
இதயப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் நீங்கள், அம்மா. கேதர்ஸை உங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. 1989 டிசம்பரிலேயே அவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் மயங்கி விழுந்தார். பரிசோதித்தார்கள், இதயத் துடிப்பில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள், துடிப்பைக் கட்டுப்படுத்தும் ப்ராப்ரனலால் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் உடம்பு மந்தமாகிறது, ஆட முடியவில்லை என்று அவர் சொல்ல, அளவைக் குறைத்தார்கள். ஆக டெஸ்ட் தன் வேலையைச் செய்தது. தெரிந்த பிறகும் அவரை உட்கார வைக்க முடியாமல் போனதுதான் கோளாறு. என்பிஏ (தொழில்முறை லீக்) வாசலில் நிற்கிற பையன், மார்ச் மாதம், நாடே பார்க்கிற அணி. "நீ ஆடாதே" என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இரண்டாவது, ஈசிஜியில் எல்லாம் தெரியாது. பழைய நட்சத்திரம் பீட் மராவிச்சுக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோனரி ரத்தக்குழாயே இல்லை. அதோடுதான் எல்எஸ்யூ கல்லூரியில் மூன்றே சீசனில் 3,667 புள்ளி எடுத்தார், என்பிஏவில் பத்து சீசன் ஆடினார். 1988 ஜனவரியில் பாசடீனாவில் ஒரு சர்ச் ஜிம்மில் சும்மா நண்பர்களோடு ஆடும்போது 40 வயதில் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் விஷயமே தெரிந்தது. இந்த மாதிரி ரத்தக்குழாய்க் குறைபாடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஈசிஜி சுத்தமாக வரும். தாளைப் பார்த்து "பையனுக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம்.

இத்தாலி ஆய்வு பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்ரேலும் 1997இல் இதே மாதிரி சட்டம் போட்டது. அங்கே சட்டத்துக்கு முன்னும் பின்னும் மரண எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2011இல் ஆய்வு வந்தது.

ஹீல்ஸ் அம்மா:
கேதர்ஸ் பிரச்சினை தெரியவந்ததே அவர் முதல் தடவை விழுந்த பிறகுதானே? எல்லாருக்கும் அப்படி எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. முதல் அறிகுறியே சாவாக இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! இதயத் தசை தடிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஈசிஜியில் மாற்றம் தெரியும் என்பதை நீங்களே மறுக்கமாட்டீர்கள். எல்லாம் தெரியாது என்பதற்காகத் தெரிகிறதையும் பார்க்காமல் விடச் சொல்கிறீர்களா?

நைட் ஷிஃப்ட்:
விடச் சொல்லவில்லை. கட்டாயமாக்காதீர்கள் என்கிறேன். நன்றாகப் பயிற்சி செய்கிற பையனின் ஈசிஜி சாதாரண ஆளுடையது போல இருக்காது. துடிப்பு மெதுவாக இருக்கும், அலைகள் உயரமாக இருக்கும். வீரர்களின் ஈசிஜி படித்துப் பழகாதவர் கையில் போனால் உடனே எக்கோ, எம்ஆர்ஐ, மூன்று மாதம் ஆடாமல் பெஞ்ச். செலவை விடுங்கள், "உன் இதயத்தில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லப்பட்ட 15 வயசுப் பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரே சேர்ந்து கேட்பதென்றால் ஏஇடி கேளுங்கள், அந்த ஷாக் மெஷின். நாங்கள் டோர்னமென்ட் ஆடப் போன ஒரு பள்ளியில் அது இருந்தது. எங்கே? ஆபீஸ் அறைக்குள். சனிக்கிழமை ஆபீஸ் பூட்டு, சாவி யாரிடம் என்று ஜிம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஷாக் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த டோர்னமென்டுக்குப் போனதும் ஸ்நாக்ஸ் கவுண்டரைத் தேடும் முன் அந்தப் பெட்டியைத் தேடுங்கள்.

அப்புறம், யாரும் இடிக்காமல் ஒரு பிள்ளை தானாகச் சரிந்து விழுந்தால் அது இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் வெட்டி இழுக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்குவது போல இருக்கும். வலிப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார்கள். 911, நெஞ்சில் அழுத்தம், மெஷின். மெஷினே வாய் திறந்து சொல்லும், அதன்படி செய்தால் போதும். ஃபுளோரிடா அணியின் கியான்டே ஜான்சன் 2020 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். உடனே சிகிச்சை கிடைத்தது. 2023 மார்ச்சில் அவரே கேன்சாஸ் ஸ்டேட்டுக்காக எலைட் எய்ட் (கடைசி எட்டு அணிகள்) வரை ஆடினார்.

மூணுபாயிண்ட் அப்பா:
எல்லாரும் இதயத்திலேயே நிற்கிறீர்கள். எனக்குப் பெண் பிள்ளை, எங்கள் வீட்டில் பயம் முழங்காலில் இருக்கிறது.

2025 பெண்கள் டோர்னமென்டில் ஜூஜூ வாட்கின்ஸ் இரண்டாவது சுற்றிலேயே சொந்த மைதானத்தில் ஏசிஎல் (முழங்காலின் உள்ளே இருக்கும் ஜவ்வு) கிழிந்து விழுந்தாரே, அன்றைக்கு என் மகள் டிவியை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வருடம் கோப்பை வாங்கிய யூகான் அணியில் பேய்ஜ் பெக்கர்ஸ், ஏசி ஃபட் இருவருமே அதே ஜவ்வு கிழிந்து மீண்டு வந்தவர்கள். இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். 54,000இல் ஒன்று கணக்கெல்லாம் இதில் கிடையாது, எங்கள் கிளப்பிலேயே ஆள் உண்டு.

பயிற்சிக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்து மகள் குதித்து இறங்குவதைப் பாருங்கள். இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று பார்த்து மடங்கினால் அதுதான் ஆபத்து. இடுப்பையும் முட்டியையும் மடக்கிச் சத்தமில்லாமல் இறங்கப் பழக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்து இறங்கி நிற்பது, பின்தொடைப் பயிற்சி, பக்கவாட்டு ஓட்டம். ஆட்டத்துக்கு முன் 15, 20 நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை. ஒழுங்காகத் தொடர்ந்து செய்த அணிகளில் பெண்களின் ஏசிஎல் காயம் பாதி அளவுக்குக் குறைந்திருக்கிறது. காலணா செலவில்லை. ஆனால் எங்கள் கோச்சுக்கு வார்ம்அப் என்றால் வரிசையாக ஓடிவந்து கூடையில் பந்து போடும் லேஅப் மட்டும்தான். கேட்டால் நேரமில்லை என்கிறார்.

நீலப்பேய்:
இது பேச்சு. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நடக்கிற காயத்தைப் பேசுங்கள். பாஸ்கெட்பாலில் முதலிடம் கணுக்கால் சுளுக்குதான். ரீபவுண்டுக்குக் குதித்து அடுத்தவன் ஷூ மேல் இறங்கினால் முடிந்தது. விஸ்கான்சின் பள்ளி அணிகளில் கயிறு கட்டும் கணுக்கால் பட்டை (பிரேஸ்) போட்டுப் பார்த்தார்கள், கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கும் சரி, சுளுக்காதவர்களுக்கும் சரி. என் பையன் போடமாட்டேன் என்கிறான், பார்க்க நன்றாக இல்லையாம்.

ஹீல்ஸ் அம்மா:
நம் ராலே கல்லூரி என்சி ஸ்டேட்டின் ரசிகர்கள் யாரும் வரக் காணோமே! 2024இல் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து ஏசிசி (நம் பக்கத்துக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸ்) கோப்பை வாங்கி, அதன் பலத்தில் டோர்னமென்டுக்குள் நுழைந்து, நீலப்பேயாரின் டியூக்கையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபைனல் ஃபோர் (அரையிறுதி) போனார்களே. (எங்கள் நார்த் கரோலினா அணி ஹீல்ஸைத்தான் ஏசிசி ஃபைனலில் அடித்தார்கள், அது வேறு விஷயம்.) பார்க்க அற்புதம். ஆனால் அவர்களுக்கு டிரெயினர், மருத்துவர், ஐஸ் தொட்டி எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளைகள் சனி, ஞாயிறில் நான்கு ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு நடுவில் பீட்சா தின்கிறார்கள். களைத்த காலில்தான் முட்டியும் கணுக்காலும் போகிறது என்றால், சுளுக்கைப் பற்றிப் பேசுகிறவர் அந்த அட்டவணையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

நீலப்பேய்:
ஏனென்றால் பிள்ளைகள் ஆடத்தான் வருகிறார்கள். டியூக்கை இழுக்காமல் உங்களால் ஒரு பதிவு போட முடியாதா?

மூணுபாயிண்ட் அப்பா:
அட்டவணை விஷயத்தில் அம்மா பக்கம் நான். 14 வயது வரையாவது ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள் என்று என்பிஏவும் யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்தே 2016இல் சொல்லிவிட்டன. எங்கள் கிளப்பில் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வருடம் முழுக்க சீசன். பணம் கட்டியாச்சு, ஆடு என்கிறோம்.

நைட் ஷிஃப்ட்:
இங்கே இருக்கிற அப்பாக்களுக்கும் ஒன்று. மேட்ச் பார்த்த வேகத்தில் வருடத்துக்கு ஒரு தடவை டிரைவ்வேயில் இறங்கி ஆடுகிறீர்களே, குதிகால் தசைநார் அறுந்து வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுதான். ஆடும்போது நெஞ்சு இறுகினால் "கேஸ்" என்று சொல்லி சோடா குடிக்காதீர்கள்.

ஹீல்ஸ் அம்மா:
என் பையனுக்கு ஈசிஜிக்கு நாள் வாங்கிவிட்டேன், வீரர்களைப் பார்த்துப் பழகிய டாக்டரிடம்தான். கிளப்பில் கட்டாயமாக்கும் கோரிக்கையையும் கைவிடப் போவதில்லை. ஏஇடி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று ஒவ்வொரு டோர்னமென்ட் நடத்துபவரும் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும் என்பதை அதே கடிதத்தில் முதல் வரியாகச் சேர்க்கிறேன்.

நீலப்பேய்:
ஒரே கடிதத்தில் போட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். சாவிக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், அதில் போடுகிறேன்.