சூளைத் தூசி, வண்டிப் புகை: உங்க காய்கறித் தோட்டத்துல என்ன பண்ணுது?

குடியாத்தம் தோட்டக்காரன்:
எங்க கத்தரித் தோட்டம் செங்கல் சூளைக்குப் போற மண்ரோட்டாண்ட கீது. சூளை ஓட ஆரம்பிச்சா டிராக்டர் போய்கினு வந்துகினே இருக்கும், இலை மேல செம்மண் படலம் கட்டிக்கும், மழை வந்தா கழுவிடும் ஆனா மாசி பங்குனில எங்க மழை? தூசி மூடுனா இலைக்கு வெயில் சரியா படாது, மூச்சுத் துளையும் அடைச்சுக்கும், அதோட விடாம செம்பேன் (இலை அடில வலை பின்னி சாறு உறிஞ்சுற பொடிப் பேன்) வேற ஏறும், ஏன்னா பேனைத் தின்ற நல்ல பூச்சிங்களுக்கு தூசி ஆகாது. மருந்துக்கடைல எதைச் சொன்னாலும் ஒரு பாட்டில் எடுத்து நீட்டுவாங்க, அது தனிக்கதை. இப்பல்லாம் காலைல ஓஸ் புடிச்சு இலை அடிப்பக்கம் நனையற மாதிரி தண்ணி அடிக்கிறோம். பேன் நல்லாவே கொறஞ்சுது. ரோட்டோர வரிசைல மட்டும் காய் இன்னும் சிறுத்து தான் வருது.

ஒடுகத்தூர் காராமணி:
அண்ணா எங்களாண்ட சூளையும் இல்ல ஹைவேயும் இல்ல, ஆனாலும் கோடைல காராமணி பழைய இலையில மேல்பக்கம் மட்டும் ஊசி குத்துன மாதிரி பழுப்புப் புள்ளி, நரம்பு பச்சையாவே கீது, தொடச்சாலும் போகல, அடில பேனும் இல்ல வலையும் இல்ல. வேளாண்மை படிச்ச மச்சான் பாத்துட்டு ஓசோனா இருக்கும்னாரு, மேல வானத்துல கீற படலம் இல்ல, நம்ம மூச்சு விடற காத்துலயே கலக்கற வாயு. வண்டிப் புகைல வர்ற நைட்ரஜன் ஆக்சைடு வெயில்ல மாறி உண்டாகுதாம், மத்தியானத்துக்கு மேல தான் உச்சமாம். கூத்து என்னன்னா ரோட்டை ஒட்டி கம்மியா இருக்கும், காத்தடிக்கிற பக்கம் தள்ளி கீற ஊருக்குத் தான் ஜாஸ்தி. பீன்ஸ், பசலைக்கீரை எல்லாம் இதுக்குத் தாங்காது.

அணைக்கட்டு முள்ளுகத்தரி:
2023ல எங்க இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்க, சந்தோசம், ஆனா அதும்மேல படியற தூசியை யாரு கேக்கறது? ஆபீசர் ஒருத்தர் வந்து நின்னபடியே பாத்துட்டு சத்துக் கொறவுன்னு எழுதிட்டுப் போனாரு. குடியாத்தம் அண்ணா, மத்திய சர்க்கார் 2022ல போட்ட சூளை ரூல்ல, செங்கல் ஏத்திப் போற வழி மண்ரோடா இருக்கக் கூடாதுன்னு கீது, தூசி பத்தி மனு எழுதுனீங்கன்னா அதைப் போடுங்க.

குடியாத்தம் தோட்டக்காரன்:
அப்படியா, இது தெரியாது தம்பி, நன்றி. மத்தவங்க போட்டோ போடும்போது இலைக்கு ரெண்டு பக்கமும் எடுத்துப் போடுங்கப்பா, மேல்பக்கம் மட்டும் பாத்தா செம்பேனா இல்ல ஓசோனான்னு பிரிச்சு சொல்ல முடியாது.