செடிக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 'எளிதில் ஊகிக்கக்கூடியது' என்று மறுத்துவிட்டார்கள், என்ன பதில் சொல்லலாம்?

வணக்கம். காப்புரிமை வேலை தெரிந்தவர்கள், பயிர் இனவிருத்தியில் இருப்பவர்கள் உதவ வேண்டும்.

காட்டுத் தக்காளியிலிருந்து நோய் எதிர்ப்பு மரபணுவைச் சாகுபடி ரகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அமெரிக்க விண்ணப்பம். "மரபணு ஏற்கெனவே தெரிந்தது, பிற்கலப்பு முறையும் (கலப்புச் செடியைத் திரும்பத் திரும்பச் சாகுபடி ரகத்தோடு சேர்ப்பது) பழையது, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றும்" என்கிறார் காப்புரிமை அலுவலக ஆய்வாளர். தெரிந்தவற்றை வழக்கமான முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது ஊகிக்கக்கூடியதே என்று 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன கேஎஸ்ஆர் தீர்ப்பைக் காட்டுகிறார்.

தோன்றும், சரி. ஆனால் வெற்றி கிடைக்கும் என்று யார் நம்பியிருப்பார்கள்? எதிர்ப்புச் சக்தி வந்த செடியில் எல்லாம் காய் பட்டாணி அளவுதான், பச்சையாகவே நின்றுவிட்டது, மேலெல்லாம் சுணை. அந்தக் கெட்ட குணம் மரபணுவை ஒட்டியே இருந்தது. ஆயிரக்கணக்கான நாற்றுகளைச் சோதித்த பிறகே இரண்டும் பிரிந்த ஒரே ஒரு செடி கிடைத்தது. அதைப் பார்த்த அன்று நாங்கள் யாரும் சாப்பிடக்கூடப் போகவில்லை.

அதே நீதிமன்றத்தின் 1966 கிரஹாம் தீர்ப்பு (ஓர் உழுகருவி பற்றிய வழக்கு) நீண்டநாள் தேவை, மற்றவர்களின் தோல்வி இரண்டையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. எங்களுக்கு முன் முயன்று கைவிட்டவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் கையில் உள்ளன.

அவற்றோடு ஒரு நிபுணரின் உறுதிமொழி வாக்குமூலமும் வைத்தால் போதுமா? இல்லை, உரிமைக்கோரலையே (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்ற வரையறை), கெட்ட குணம் இல்லாமல் பிரிந்து வந்த அந்தக் குரோமோசோம் துண்டுக்கு மட்டும் குறுக்க வேண்டுமா? குறுக்கினால் போட்டியாளர் பக்கத்திலேயே வேறிடத்தில் பிரித்துத் தப்பிவிடுவார் என்பதுதான் என் கவலை. இப்படிப்பட்ட மறுப்புக்குப் பதில் எழுதியவர்கள் சொல்லுங்கள்.