ஐரிஷ் இறந்த காலம்: வினைச்சொல்லின் தலை ஏன் மாறுகிறது?

லிஃபிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டப்ளினில் இருக்கிறோம். மகள் கேல்ஸ்கோலில் நான்காம் வகுப்பு. கணக்கு, வரலாறு எல்லாமே ஐரிஷில்தான் நடக்கிறது. அவளோடு அந்த மொழியில் நாலு வார்த்தையாவது பேச வேண்டும் என்று நானும் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நிகழ்காலம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. இறந்த காலத்துக்கு வந்ததும் திணறுகிறேன்.

நம் மொழியில் வினையின் வால்தான் மாறும். உடை, உடைத்தேன், உடைத்தாள். தலை அப்படியே இருக்கும். இங்கே தலைதான் மாறுகிறது. 'ப்ரிஷ்' என்றால் உடை, 'வ்ரிஷ் மே' என்றால் உடைத்தேன். எழுதும்போது பி-க்குப் பக்கத்தில் ஒரு எச் சேர்க்க வேண்டும். சரி, அதுதான் விதி என்று பழகினால் 'ஓல்', அதாவது குடி, 'தோல்' ஆகிறது. அந்த டி எங்கிருந்து வந்தது? 'ஃபன்' என்றால் காத்திரு, அது 'தன்' ஆகிறது. எழுத்தில் டி, எஃப், எச் மூன்றும் இருக்கின்றன, வாயில் டி மட்டும்தான் வருகிறது. 'லே' (படி) மாறவே இல்லை. 'ஷ்கிரீவ்' (எழுது) அதுவும் இல்லை. குடிக்கவில்லை என்று சொல்ல 'நீயர்' போட்டால் அந்த டி மறுபடி காணாமல் போகிறது: 'நீயர் ஓல்'.

வகுப்பில் இதையெல்லாம் தனித்தனி விதிகளாகத்தான் சொல்லித் தந்தார்கள். மகளுக்கு எல்லாம் யோசிக்காமலே வருகிறது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்மா" என்கிறாள். எனக்குக் காரணம் தெரிந்தால்தான் மனதில் தங்கும். இவ்வளவுக்கும் பின்னால் பொதுவாக ஏதாவது ஒரு காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேனூத் மாணவன்

அக்கா, காரணம் தேடுவதற்கு முன்னால் ஒழுங்கற்ற வினைகள் பதினொன்றையும் மனப்பாடம் பண்ணிவிடுங்கள். இந்த மொழியில் ஒழுங்கற்றவை அவ்வளவுதான், ஆனால் பேச்சில் பாதி அவைதான். இருந்தேன் 'வீ மே', போனேன் 'ஃகூய் மே', வந்தேன் 'ஹானிக் மே', பார்த்தேன் 'ஃகொனிக் மே', கேட்டேன் 'ஃகூஅலா மே', செய்தேன் 'ரின்யெ மே', கொடுத்தேன் 'ஹுக் மே', சொன்னேன் 'தூர்ட் மே', கிடைத்தது என்பதற்கு 'ஃபூஅர்', பிடித்தேன் 'ருக் மே', சாப்பிட்டேன் 'டிஹ் மே'. இவை கையில் இருந்தால் பள்ளியில் என்ன நடந்தது என்று பேசுவதற்குப் போதும். மற்றவை தானாக வரும்.

கால்வே செவிலி

தங்கச்சி, தம்பி சொன்ன பட்டியல் சரி. ஆனால் நீங்கள் கேட்டது ஏன் என்பதை. காரணம் உண்டு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். அது தமிழ் பேசுகிறவர்களுக்கு மற்ற யாரையும்விடச் சீக்கிரம் புரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்பு இறந்த கால வினைக்கு முன்னால் 'தோ' என்று ஒரு சின்னச் சொல் இருந்தது. உடைத்தேன் என்பது 'தோ வ்ரிஷ் மே'. அந்த 'தோ' உயிர் ஒலியில் முடிகிறது. இப்போது நம் மொழியைப் பாருங்கள். 'கல்' என்று சொல்லும்போது க எப்படி வருகிறது, 'பகல்' என்று சொல்லும்போது எப்படி வருகிறது? எழுத்து ஒன்றுதான். ஆனால் இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட க தளர்ந்து, உரசி, சிலர் வாயில் ஹ மாதிரியே வருகிறது. ஐரிஷில் நடந்ததும் இதேதான். முன் சொல்லின் கடைசி உயிருக்கும் வினையின் உயிருக்கும் நடுவில் சிக்கிய முதல் மெய் தளர்ந்துபோனது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷேவூ'. பிறகு பேச்சில் 'தோ' உதிர்ந்துவிட்டது. அது உண்டாக்கிய தளர்ச்சி மட்டும் வினையின் தலையில் நின்றுவிட்டது. நாம் தளர்ச்சியை எழுதுவதில்லை. அவர்கள் எச் போட்டு எழுதுகிறார்கள். பழைய அச்சில் எச்சுக்குப் பதில் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைப்பார்கள். டப்ளினில் பழைய தெருப் பலகைகள் சிலவற்றில் இன்னும் அந்தப் புள்ளிகளைப் பார்க்கலாம்.

ஆகவே ப என்பது வ ஆகும், 'ப்ரிஷ்' 'வ்ரிஷ்'. ம-வும் வ ஆகும், 'மொல்' (பாராட்டு) 'வொல்'. த (எழுத்தில் t) காற்றாகி ஹ ஆகும், 'தோக்' (எடு) 'ஹோக்'. ஷ-வும் அப்படியே, 'ஷூல்' (நட) 'ஹூல்'. க தொண்டையில் உரசும், 'குர்' (போடு, வை) 'ஃகுர்'. 'தூன்' (மூடு) என்பதில் வரும் த வேறு (எழுத்தில் d), அது நம் 'பகல்' க-வாகவே மாறிவிடும். அந்த ஒலியை உண்டாக்க மற்ற நாட்டுக்காரர்கள் படும் பாட்டை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. எழுத்தைப் பார்க்காமல் 'பகல்' என்று சொல்லி, அந்த க-வை மட்டும் பிடித்துக்கொண்டு 'ஊன்' சேர்த்துப் பாருங்கள்.

இனி அந்த டி. வினை உயிரில் தொடங்கினால் தளர்வதற்கு மெய்யே இல்லை. 'தோ ஓல்' என்பதில் இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும், முதல் உயிர் விழும், 'தோல்' ஆகும். நிலைமொழி ஈற்று உயிர் கெடுவது நமக்குப் புதிதா என்ன? ஆக அந்த டி புதிதாக ஒட்டியது இல்லை, பழைய 'தோ'வில் மிஞ்சியதுதான். 'ஃபன்' கதையும் இதனால் தெளிந்துவிடும். ஐரிஷில் ஃப தளர்ந்தால் ஒலியே இல்லாமல் போய்விடும். ஃப போனால் மிஞ்சுவது 'அன்', அதாவது உயிரில் தொடங்கும் சொல். அதனால் 'தோ'வின் டி அதோடு சேர்ந்து 'தன்'. எழுத்தில் மூன்றையும் வைத்திருப்பது, எது எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. 'ஃபாக்' (விட்டுச் செல்) 'தாக்' ஆவதும், 'ஃப்ரெகர்' (பதில் சொல்) 'ட்ரெகர்' ஆவதும் இதே வழிதான்.

'ஷ்கிரீவ்' ஏன் அசையவில்லை? நம் 'பக்கம்' ஏன் தளரவில்லையோ அதனால்தான். மெய்யோடு மெய் கட்டிக்கொண்டு நிற்கிறது. எஸ்-ஐ அடுத்து சி (c), பி (p), டி (t), எம் (m) வந்தால் ஷேவூ உள்ளே புகாது. 'லே' மாதிரி ல, ந, ர-வில் தொடங்குபவற்றுக்கு எழுத்தில் எதையும் காட்டுவதில்லை. சில வட்டாரங்களில் ல, ந இரண்டிலும் காதுக்கு மட்டும் மெல்லிய வேறுபாடு கேட்கும். இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கடைசியாக 'நீயர்'. 'தோ'வுக்கும் முன்னால் அந்த இடத்தில் 'ரோ' என்று வேறொரு சொல் இருந்தது. 'நீ' என்றால் இல்லை. இந்த 'நீ'யும் 'ரோ'வும் சேர்ந்ததுதான் 'நீயர்'. கேள்விக்கு வரும் 'அர்' என்பதிலும் அதே ரோதான். ரோ உட்கார்ந்திருக்கிற இடத்தில் 'தோ'வுக்கு வேலை இல்லை. அதனால்தான் 'நீயர் ஓல்' என்பதில் டி கிடையாது. தளர்ச்சி மட்டும் உண்டு: 'நீயர் வ்ரிஷ்', 'அர் வ்ரிஷ் தூ?'

எனக்கு இது ஏட்டில் மட்டும் படித்த விஷயம் இல்லை. நான் வார்டு நர்ஸ். கான்னமாரா பக்கத்திலிருந்து வரும் முதியவர்கள் பலருக்கு ஐரிஷ்தான் தாய்மொழி. காலையில் போய் 'அர் ஃகொதல் தூ கோ மாஹ்?', நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்பேன். இந்த மொழியில் ஆமாம், இல்லை என்று தனியாகச் சொல்ல வார்த்தை கிடையாது. வினையையே திருப்பிச் சொல்வார்கள். நாமும் "சாப்பிட்டியா" என்றால் "சாப்பிட்டேன்" என்றுதானே சொல்கிறோம்? தூங்கியிருந்தால் 'ஃகொதல்', இல்லையென்றால் 'நீயர் ஃகொதல்'. 'அர் இஹ் தூ?', சாப்பிட்டீர்களா என்று கேட்டால் 'டிஹ்' அல்லது 'நீயர் இஹ்'. வலியில் இருப்பவர் முணுமுணுப்பாகத்தான் பேசுவார். அப்போது நான் கேட்க வேண்டியது அந்த முதல் ஒலியை மட்டும். அங்கே 'ட்' என்று காதில் விழுந்தால் சாப்பிட்டார், 'நீ' என்று விழுந்தால் சாப்பிடவில்லை. அட்டவணையை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் அவர் கண்ணை மூடிவிடுவார். ஆகவே காதை வினையின் தலைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்க் காது பழக்கத்தில் வாலுக்காகக் காத்திருக்கும். மாற்ற வேண்டியது அந்த ஒரு பழக்கத்தைத்தான்.

கார்க்கிலிருந்து

கால்வே அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 'தோ' முழுவதும் சாகவில்லை. இங்கே மன்ஸ்டர் பக்கம் வயதானவர்கள் 'தோ வ்ரிஷ்' என்றே சொல்லக் கேட்கலாம். இன்னொன்றும் நமக்கு வசதி: இங்கே வினைக்கு வாலும் உண்டு. 'வ்ரிஷ் மே' என்று இரண்டு சொல்லாகச் சொல்லாமல் 'வ்ரிஷஸ்' என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள், உடைத்தேன் மாதிரியே. உங்கள் மகளின் புத்தகத்தில் உடைத்தோம் என்பதற்கு 'வ்ரிஷமர்' என்று இருக்கும். 1958-இல் அரசு வெளியிட்ட தர வடிவம் அதுதான். கால்வேயிலும் வடக்கிலும் 'வ்ரிஷ் முஜ்' என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் தவறு என்று நினைக்காதீர்கள். டீங்லன் இணைய அகராதியில் ஒரே சொல்லை மூன்று வட்டார உச்சரிப்பிலும் கேட்கலாம், வினைகளின் எல்லா வடிவமும் கிடைக்கும். பள்ளி எந்த வட்டாரப் பேச்சைச் சொல்லித்தருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

லிஃபிக்கரை

அக்கா, 'பகல்' க-வைச் சொல்லிப் பார்த்தேன். மகள் திரும்பிப் பார்த்து, "இப்ப சரியா சொல்றம்மா" என்றாள். மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, அவள் பாடத்தில் 'ப்ரிஷூ அன் இன்யோக்' என்று இருக்கிறது. சன்னல் உடைந்தது இறந்த காலம்தானே, ஏன் ப தளரவில்லை? இரண்டு, தம்பி கொடுத்த பட்டியலில் 'தூர்ட்' ஏன் தளரவில்லை? வகுப்பில் 'நீ தூர்ட்' என்கிறார்கள், 'நீயர்' எங்கே?

கால்வே செவிலி

முதலாவது மிக நல்ல கேள்வி. அது யார் செய்தது என்று சொல்லாத வடிவம். யாரோ உடைத்தார்கள், சன்னல் உடைபட்டது. இறந்த காலத்தில் இந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் ஷேவூ கிடையாது. 'நீயர்' போட்டாலும் 'நீயர் ப்ரிஷூ'தான். மன்ஸ்டர் பேச்சில் முன்னால் 'தோ' வந்தாலும் ப தளராது. ஆகவே தலை தளர்ந்திருந்தால் செய்தவர் பின்னால் வரப்போகிறார், கெட்டியாக இருந்தால் செய்தவரைச் சொல்லப்போவதில்லை. பிறந்தேன் என்பதற்கு 'ருகூ மே' என்பார்கள். அதுவும் இந்த வடிவம்தான், தம்பி பட்டியலில் இருக்கிற 'ருக்'கிலிருந்து வந்தது. வார்டில் ஊரைக் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

'தூர்ட்' முன்பு 'அதூர்ட்'. தலையில் ஒரு அ இருந்ததால் 'தோ' அதன் மெய்யைத் தொடவில்லை. பிறகு அ உதிர்ந்தது, த கெட்டியாகவே நின்றது. பதினொன்றில் ஆறு வினைகள் இறந்த காலத்திலும் 'நீயர்' எடுக்காமல் 'நீ' எடுக்கும். 'நீ தூர்ட்' சொல்லவில்லை, 'நீ வூஅர்' கிடைக்கவில்லை, 'நீ ரெவ்' இருக்கவில்லை, 'நீ யார்னா' செய்யவில்லை, 'நீ ஆக்கா' பார்க்கவில்லை, 'நீ யாஃகி' போகவில்லை. ரெவ், யார்னா இரண்டுக்குள்ளேயும் பழைய ரோ ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது, இன்னொரு ரோ தேவைப்படவில்லை. மற்ற நாலையும் வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். கேள்விக்கும் இந்த ஆறும் 'அர்' எடுக்காது, 'அன்'தான் எடுக்கும்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் 'காத் அ ரின்யெ தூ இன்யூ?', இன்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் ஒவ்வொரு வினையையும் 'அர்' போட்டு அவளிடமே திருப்பிக் கேளுங்கள். 'அர்' ஒத்துவராத இடத்தில் அவளே திருத்துவாள்.