வானமே பழுப்பாக இருந்தும் சென்சாரில் எண் ஏறவில்லை, ஏன்?

புழுதிக்காற்று:
மாடியில் காற்றிலுள்ள தூசியை அளக்கும் ஒரு லேசர் சென்சார் வைத்திருக்கிறேன். நேற்று மண்காற்று அடித்து, பல்லிலெல்லாம் நறநற. ஆனால் பி.எம். 10 (10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரையுள்ள துகள்கள்) அளவு 60-ஐத் தாண்டவில்லை, பி.எம். 2.5 (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்கள்) அளவு 52. விசிறியைத் துடைத்தும் பார்த்துவிட்டேன். கருவி பழுதா?

எடைமேசை:
பழுதில்லை. அது தூசியை எடை போடுவதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. புகை போன்ற நுண்துகளை நன்றாகப் பிடிக்கும். மண்தூசியின் எடையில் பெரும்பகுதி 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் இருக்கிறது. அவற்றில் பல, உள்ளே காற்று திரும்பும் வளைவிலேயே ஒதுங்கிவிடும். உங்கள் பி.எம். 10 பெரும்பாலும் நுண்துகளை வைத்துப் போட்ட ஊகம்தான். அதனால்தான் இரண்டு எண்ணும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே நடக்கின்றன.

எனக்கு வேலை, காற்றை இழுத்துத் தூசி பிடித்த ஃபில்டரை எடை போடுவது. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் சுமார் 24 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி இருந்தால் டெஃப்லான் ஃபில்டரில் ஏறுவது வெறும் 2.4 மில்லிகிராம்! அறையின் ஈரப்பதம் கொஞ்சம் மாறினாலும் எடை பொய் சொல்லும். ஒருமுறை தராசுப் பக்கம் தும்மிவிட்டு, ஒரு நாள் மாதிரியைக் குப்பையில் போட்டேன்.

புகை பிடித்த ஃபில்டர் கறுப்பு. மண்தூசி பிடித்தது செங்கல் பொடி நிறம். எக்ஸ்-கதிரில் வைத்தால் சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம் என்று குட்டு வெளிப்படும்.

உப்புக்காற்று:
நிறத்தில் என்ன இருக்கிறது, அண்ணா? தூசி தூசிதானே?

எடைமேசை:
நிறத்தில்தான் விஷயமே, தம்பி. சிவப்பு என்றால் ஹேமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. அது வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். வெளிர் தூசி வெயிலைத் திருப்பி அனுப்பும். எந்தப் பாலைநிலத்தில் எந்தக் கனிமம் என்று பார்க்கவே 2022-இல் நாசா ‘எமிட்’ கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. பனிமலையில் படிந்தால் பனி சீக்கிரம் உருகும். ஆனால் தூசியை வில்லனாக்கவும் முடியாது: சஹாராத் தூசியோடு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அமேசான் காட்டுக்குப் போய்ச் சேர்வதாகச் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணித்திருக்கிறார்கள்.

புழுதிக்காற்று:
சரி, அப்போ சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடவா?

எடைமேசை:
ஐயோ, வேண்டாம். புகைக்கு அது போதும். மண்காற்று நாளில் மட்டும் அதை நம்பி ஓடப் போகாதீர்கள். அடுத்த முறை பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு வையுங்கள். படிந்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நிறம் பார்க்கலாம்.