ரம்பொடை இறக்கத்தில் பிரேக்கா, கியரா?

வெள்ளவத்தை வாசி:
நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கொழும்பு திரும்பும்போது கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. பிரேக் பேட் மாற்றுவது மலிவு, கியர்பொக்ஸ் போனால் யார் செலவழிப்பது? நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்தபடி வந்தால் பெற்றோலும் மிச்சம்.

கொட்டாஞ்சேனை வேன்காரர்:
தம்பி, கணக்கே பிழை. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் இறங்கும்போது அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டிருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அவ்வளவையும் பிரேக்காலேயே இறக்கினால் சூடு முழுக்க டிஸ்கிலும் பேடிலும்தான் சேரும். முதலில் பிடிப்புக் குறையும். அப்புறம் பிரேக் ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி நிறைந்தால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. புது டொட் 3 ஒயில் 205 பாகை தாங்கும், ஈரம் உறிஞ்சிய பழைய ஒயில் 140ஐத் தாண்டினாலே கொதிக்கலாம். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள்?

வெள்ளவத்தை வாசி:
சரி அண்ணா, பெற்றோல் கதையை விடுகிறேன். ஆனால் என்னுடையது அக்வா, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். பிரேக் பிடித்தால் பற்றரிதான் சார்ஜ் ஆகும், டிஸ்க் சூடாகாதே?

ஹட்டன் பிள்ளை, இப்போது வத்தளை:
பற்றரி நிறையும் வரைக்கும்தான். நீண்ட இறக்கத்தில் அது நடுவழியிலேயே நிறைந்துவிடும், பிறகு சாதாரண பிரேக்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்காகத்தான் கியர் லீவரில் 'பி' கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல.

வெள்ளவத்தை வாசி:
மெதுவாகப் போனால் பின்னால் பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கிறதே? 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் 20க்கும் மேற்பட்டோர், செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தார்கள், இரண்டும் பஸ். எங்களுக்கு மட்டும் ஏன் பாடம்?

கொட்டாஞ்சேனை வேன்காரர்:
செத்தவர்கள் நம் சனம் தம்பி, அதை வைத்து வாதாட வேண்டாம். பள்ளம் பஸ், கார் பார்க்காது. பஸ் நெருக்கினால் அகலமான இடத்தில் ஒதுங்கிப் போகவிடுங்கள். ஏறி வரும் லொறிக்கும் வழி விடுங்கள், சரிவில் நின்றால் திரும்ப எடுக்க அது படும் பாடு பெரிது.

வெள்ளவத்தை வாசி:
'பி' போடுகிறேன். ஆனால் மூடுபனியில் ஓரத்தில் ஒதுங்க மாட்டேன், பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான்.

ஹட்டன் பிள்ளை, இப்போது வத்தளை:
அது சரி. பனியில் லைட்டைத் தாழ்த்திப் போட்டு மெதுவாகப் போய்க்கொண்டே இருங்கள், ஒதுங்குவது தெளிவான இடத்தில் மட்டும்.